நோர்வேக்காரியும் எங்கள் குடும்பப் பெயரும்

1

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு புதன்கிழமை, என் மனைவி பரமேஸ்வரி எங்கள் கைக்குழந்தை வாணியை நிறுத்துப் பார்க்கவென்று குழந்தை நல நிலையத்துக்குப் போய், நிறுக்காமலே வீடு திரும்பினாள். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னரே சொல்லிவிட்டாள். தாதி வாசலில் வந்து நின்று "மிஸிஸ் கனகசபை" என்று நாலு தரம் கூப்பிட்டாளாம். இவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் அப்படியே இருந்திருக்கிறாள். ஒருவரும் எழும்பவில்லை. தாதி அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.

"ஏனப்பா எழும்பேல்லை?"

"அவ என்னைக் கூப்பிடேல்லையே."

"மிஸிஸ் கனகசபை எண்டு கூப்பிட்டவ எண்டு நீதானே சொல்லுறாய்."

"அது மாமியெல்லோ," என்றாள். "மாமி கண்ணை மூடி மூண்டு வருசம். அவவைக் கூப்பிட நான் எப்பிடி எழும்புறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டேன். பகிடியாக அவள் சொல்லவில்லை.

நம்முடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். என் பெயர் யோகநாதன். முன்னால் ஐயாவின் பெயர் கனகசபை. கந்தோரில் க. யோகநாதன். தம்பிமுத்து பரமேஸ்வரி என்றிருந்தவள் கலியாணத்தோடு திருமதி பரமேஸ்வரி யோகநாதன் ஆனாள். மூத்தவள் பிறந்தாள், யோகநாதன் கலா. யாழ்ப்பாணத்தில் இதில் எவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

வினை வந்தது எழுபத்து நாலில், கொழும்பில் அவுஸ்திரேலிய விண்ணப்பங்களை நிரப்பியபோது. 'குடும்பப் பெயர்' என்று ஒரு பெட்டி இருந்தது. குடும்பத்திலிருந்து எனக்கு வந்த பெயர் எது? கனகசபை. எழுதினேன். அவளுக்கு? யோகநாதன். கலாவுக்கு? யோகநாதன். நில அளவைக் கந்தோரில் பதினைந்து வருடம் வரைபடம் கீறியவன் நான். பிழை விடமாட்டேன் என்ற திமிர் எனக்கு இருந்தது. மூன்று பத்திரத்தையும் ஒருதரம் சரிபார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தேன்.

போன வருடம் வாணி மெல்பேணில் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் தகப்பனின் குடும்பப் பெயரைப் பார்த்து 'பேபி கனகசபை' என்று காலில் கட்டிவிட்டார்கள். ஆக, இந்த நாட்டுக் கடதாசிகளின்படி நானும் வாணியும் ஒரு குடும்பம், பரமேஸ்வரியும் கலாவும் வேறொரு குடும்பம். வாணியின் தாய் என்பதால் குழந்தை நல நிலையத்தில் பரமேஸ்வரியையும் கனகசபை ஆக்கியிருக்கிறார்கள். நம் வழக்கப்படி வாசித்தால் இன்னும் மோசம். கனகசபையின் மகள் வாணி எனக்குத் தங்கச்சி.

2

இந்த ஆவணி வந்தால் நாங்கள் இங்கே வந்து நாலு வருடம். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். நேர்முகத்தில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். எங்கள் நாலு பேருடைய கடதாசிகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்து, சீட்டு விளையாட்டில் தோற்கிறவர் மாதிரி நெடுநேரம் பார்த்தார்.

"மிஸ்டர் கனகசபை, மிஸிஸ் யோகநாதன் உங்கள் மனைவிதானே?"

"ஓம்."

"இந்த யோகநாதன் யார்?"

"நான்தான்."

"அப்படியானால் கனகசபை யார்?"

"என் தகப்பனார். அவர் இப்ப யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். சட்டப்படி அவருக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை. ஆனால் பள்ளிக்கூடம், வங்கி, வைத்தியசாலை, எங்கே போனாலும் சாகும்வரை இதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சான்றிதழ் அச்சாகுமுன் நாலு பேரும் ஒரே பெயருக்கு வந்துவிட்டால் நிம்மதி. மூன்று மாதம் இருக்கிறது, வீட்டில் பேசி முடிவெடுங்கள் என்றார்.

வீட்டில் பேசினோம். எல்லாரும் கனகசபை ஆனால் பரமேஸ்வரி மாமனாருக்குப் பெண்சாதி, என் இரண்டு பிள்ளைகளும் எனக்குச் சகோதரிகள். எல்லாரும் யோகநாதன் ஆனால் நான் யோகநாதன் யோகநாதன், எனக்கு நானே தகப்பன்.

"ரெண்டாவது பரவாயில்லை," என்றேன். "கேக்கக் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாயிருக்கும். உனக்குப் பேர் மாறாது."

பரமேஸ்வரி சிங்க்கில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். "எனக்கு எது மாறினாலும் ஒண்டுதான். அப்பாவின்ரை பேரோடை இருவத்தாறு வருசம். பிறகு உங்கடை பேர். இப்ப உங்கடை அய்யான்ரை பேர். அடுத்தது ஆர் எண்டு முன்கூட்டியே சொன்னியள் எண்டால் ஆயத்தமா இருப்பன்."

அவள் சொன்னது எனக்குச் சுட்டது. பன்னிரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் இதை நான் ஒருதரமாவது யோசித்ததில்லை.

பத்து வயதுக் கலா இதற்குள் தன் பங்கு வேலையை முடித்திருந்தாள். அவளுடைய பள்ளிக் கொப்பியின் அட்டையில் வடிவான ஆங்கில எழுத்தில் 'கார்லா நேதன்' என்று இருந்தது. யார் இந்தப் பிள்ளை என்று கேட்டேன். "நான்தான் டாட். ரீச்சருக்கு ஈஸி," என்றாள். யோகத்தை வெட்டிவிட்டு நாதனை மட்டும் வைத்திருக்கிறாள். பெற்றவர்கள் வைத்த பெயரையே ஒரு பிள்ளை இவ்வளவு லேசாகத் திருத்தி எழுதுவதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. அதே கையோடு, ஆள் கெட்டிக்காரி என்றும் தோன்றியது.

3

நான் வேலை செய்வது ரிச்மண்டில், நில அளவைக்காரர்களுடைய வரைபடக் கந்தோர் ஒன்றில். மெல்பேணுக்குத் தென்கிழக்கே பண்ணை நிலங்களைத் துண்டு போட்டு வீட்டு வளவுகளாக விற்கிறார்கள். அந்தத் துண்டுகளைக் கீறுவதுதான் எங்கள் தொழில். அங்கே எனக்கு 'கென்' என்று பெயர். கனகசபை நீளம் என்பதால் சுருக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஐயாவின் வயதொத்தவர்களே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தயங்குவார்கள். இங்கே தபால் கொண்டுவருகிற பெடியன்கூட "கென், மேட்!" என்று என் ஐயாவின் முதுகில் தட்டுகிறான்.

என்னைக் கென் என்று கூப்பிடாத ஒரே ஆள், பக்கத்து மேசை இங்கர் துவெயிட். நோர்வேக்காரி. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயது, ஒற்றை ஆள். யுத்தம் முடிந்த கையோடு கப்பலேறி வந்தவர். நாங்கள் பென்சிலில் கீறுவதை மையில் பிரதி எடுப்பதும், எழுத்துகள் எழுதுவதும் அவர் வேலை. அச்செழுத்துத் தோற்றுப்போகும். முதல் நாளே என்னிடம் வந்து, "உங்களை உங்கள் அம்மா என்னவென்று கூப்பிட்டார்?" என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து, நாக்கைக் கொஞ்சம் சிரமப்படுத்தி, யோகநாதன் என்று முழுதாகவே சொல்லி வருகிறார்.

குழந்தை நல நிலையத்துக் கதையை மத்தியானச் சாப்பாட்டின்போது அவருக்குச் சொன்னேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பாண் துண்டைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் மனைவி செய்தது முற்றிலும் சரி," என்றார். "என் அம்மாவும் எழும்பியிருக்கமாட்டார்."

இங்கருடைய தாயின் பெயர் மார்த்தா லார்ஸ்டாத்தர். லார்ஸின் மகள் மார்த்தா, அவ்வளவுதான். கலியாணம் முடித்த பிறகும் அவர் லார்ஸின் மகள்தான். கணவன் வந்ததற்காகத் தகப்பன் மாறுவானா என்று இங்கர் கேட்டார். தகப்பனின் பெயர் நில்ஸ் ஆண்டர்சன், அதாவது ஆண்டர்ஸின் மகன் நில்ஸ். ஞானஸ்நானப் புத்தகத்தில் இவர் இங்கர் நில்ஸ்டாத்தர். ஒரு வீட்டில் தாய், தகப்பன், பிள்ளை மூன்று பேருக்கும் மூன்று பெயர்.

எனக்குக் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. "இது எங்கள் வழக்கம்!" என்றேன். "உங்களுக்கு மகன், மகள் என்று சொல்லிக்கொள்ள ஒரு வால் இருக்கிறது. நாங்கள் அதையும் விட்டுவிட்டோம்."

"அப்படியானால் நாங்கள் சொந்தக்காரர்," என்றார் இங்கர்.

"பிறகு ஏன் உங்கள் பெயர் இப்போது துவெயிட்?"

"அது வேறு கதை. அது நிலத்தின் பெயர்."

4

மறுநாள் இங்கர் வீட்டிலிருந்து ஒரு வரைபடம் கொண்டுவந்தார். மடிப்புகளில் துணி ஒட்டிய பழைய படம். நோர்வேயின் மேற்குப் பக்கம், கடல் மலைகளுக்குள் விரல் விரலாகப் புகுந்திருக்கிற இடம். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் ஒரு பெயர். தெருக்களே இல்லை, பெயர்கள் மட்டும் எறும்பு மாதிரி.

அந்தப் படத்தை நாங்கள் இரண்டு கிழமையாக மத்தியானச் சாப்பாட்டோடு வாசித்தோம். நெஸ் என்றால் கடலுக்குள் நீட்டிய நிலம், நம்முடைய முனை. விக் என்றால் குடா. தால் பள்ளத்தாக்கு. லீ மலைச்சரிவு. எய்ட் என்பது இரண்டு தண்ணீருக்கு நடுவே ஒடுங்கிய தரை, அந்தக் காலத்தில் வள்ளங்களை அதன்மேல் இழுத்துக்கொண்டு போவார்களாம். செட்டர் என்றால் கோடையில் மாடுகளை மேய்க்கக் கொண்டுபோகிற மலை மேய்ச்சல். ஹௌகன் என்றால் மேடு, நாங்கள் திட்டி என்கிறோமே, அதுதான். கிழக்கில் ரூட் என்று முடிந்தால் காடு வெட்டித் திருத்திய நிலம். துவெயிட்டும் கிட்டத்தட்ட அதே, காட்டிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு.

"நோர்வேயில் எத்தனையோ துவெயிட்டுகள் இருக்கின்றன," என்றார் இங்கர். "ஒரே பெயர்க்காரர் என்றால் இனத்தவர் என்று அர்த்தமில்லை. இரண்டு பேருடைய ஆட்களும் மரம் தறித்தார்கள் என்று மட்டும் அர்த்தம்."

நான் என் பங்குக்கு நம்முடைய துறை, முனை, புலம், ஓடை, கலட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கல்லுத் தரையைச் சொல்கிற கலட்டி அவருக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. அவர்கள் மரத்தோடு மல்லுக்கட்டினார்கள், நாங்கள் கல்லோடு. வடக்கே கடைசித் தீவுக் கூட்டத்தில் ஓர் ஊருக்கு ஒரே ஓர் எழுத்துத்தான் பெயர் என்றார். சொன்னால் 'ஓ' மாதிரிக் கேட்கும். அர்த்தம் ஓடை. எங்கள் ஊரில் ஒற்றை எழுத்துக்குள் ஒரு தகப்பனையே வைத்துவிடுவோம் என்றேன் நான். அன்றைக்குத்தான் இங்கர் வாய்விட்டுச் சிரித்ததை முதல்முறை பார்த்தேன்.

இதையெல்லாம் பேசிக்கொண்டு நாங்கள் கீறிய படமோ, ஆளே குடிவராத ஒரு பேட்டை. நிலம் விற்கிறவர் தெருப் பெயர்களை ஒரு பட்டியலாக அனுப்பியிருந்தார். அதில் மூன்று அவருடைய பெண்பிள்ளைகளின் பெயர்கள். மற்றவை எல்லாம் மரங்கள், அந்தப் பேட்டைக்காகத் தறித்துவிட்ட மரங்கள். இங்கர் அவற்றையும் அதே அழகான எழுத்தில் எழுதினார்.

நிலத்தின் பெயர் மனிதனுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அது பெயரே இல்லை, விலாசம் என்றார். நில்ஸ் ஆண்டர்சன் என்று ஊருக்குள் பத்துப் பேர். எந்த நில்ஸ்? ஹௌகன் பண்ணையில் இருக்கிற நில்ஸ். பாதிரியார் புத்தகத்தில் அப்படி எழுதிவைப்பார். வேறு பண்ணைக்குக் குடிபோனால் பழையதை விட்டுப் புதியதை எழுதுவார். மனிதன் நகர்ந்தால் பெயரும் நகரும். நிலம் மட்டும் தன் பெயரோடு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இங்கருடைய தகப்பனார் ஹௌகனில் பிறந்தவர். துவெயிட் பண்ணைக்கு மார்த்தா ஒரே பிள்ளை, ஆண் சகோதரம் இல்லை. அவரைக் கட்டி அங்கே குடிபோனதும் தகப்பனார் நில்ஸ் துவெயிட் ஆனார். ஒரு தம்பி ஹௌகனிலேயே இருந்தார், அவர் ஹௌகன். இன்னொருவர் பட்டினத்தில் வேலைக்குப் போனார், அவருக்கு நிலமில்லை, ஆண்டர்சன் என்றே இருந்துவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றில் ஒரு சட்டம் வந்து, இனி ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாறாத ஒரு பெயர் வேண்டும் என்றது. அன்றைக்கு யார் எங்கே நின்றார்களோ, அப்படியே உறைந்துபோனார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். பட்டினத்துச் சித்தப்பாவின் பேத்திகள் இன்றைக்கும் பெண்களாக இருந்துகொண்டு 'ஆண்டர்ஸின் மகன்' என்று கையெழுத்து வைக்கிறார்களாம்.

"உங்கள் அப்பா பெண்சாதியின் நிலத்துப் பெயரை எடுத்ததற்கு ஊரில் சிரிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"ஏன் சிரிக்க வேண்டும்? அவர் அங்கேதானே இருந்தார்?" இங்கர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நீங்கள் கலியாணத்துக்குப் பிறகு எங்கே இருந்தீர்கள்?"

"மனைவியின் வீட்டில். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் சீதனமாகக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே போவான்."

"அந்த நிலத்துக்குப் பெயர் உண்டா?"

உண்டு. யாழ்ப்பாணத்தில் பெயரில்லாத காணி ஏது? என் கையாலேயே நூற்றுக்கணக்கான காணிப் பெயர்களை எழுதியிருக்கிறேன். பரமேஸ்வரியின் சீதன உறுதிப் பத்திரத்தில் இருப்பது, 'மாவடி என்னும் காணி, ஆறு பரப்பு'. மாமரத்தின் அடி என்று அர்த்தம் சொன்னேன். அங்கே மாமரம் கிடையாது, எவருக்கும் ஞாபகம் இருக்கிற காலத்திலும் இருந்ததில்லை, பனையும் ஒரு கிணறும்தான் என்று ஒத்துக்கொண்டேன். துவெயிட்டைச் சுற்றிப் பல மைலுக்குக் காடே இல்லை என்றார் இங்கர்.

பிறகு ஒரு துண்டுப் படத்தாளை எடுத்து, மையைத் தொட்டு, எங்கள் வளவுப் பிளானுக்கு எழுதுகிற அதே அக்கறையோடு நாலு வரி எழுதினார். பரமேஸ்வரி மாவடி. யோகநாதன் மாவடி. கலா மாவடி. வாணி மாவடி.

"எங்கள் பாதிரியாராக இருந்தால் கலியாணத்துக்கு அடுத்த ஞாயிறே உங்களை இப்படி எழுதியிருப்பார்," என்றார்.

5

பெருந்தன்மையான ஆள் நான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தாளை நாலாக மடித்துச் சேட்டுப் பையில் போட்டேன். வீட்டில் வாய் திறக்கவில்லை. நோர்வேயில் எவனும் எதையும் எடுக்கட்டும், நான் மனுசியின் காணிப் பெயரோடு திரிந்தால் கொழும்பிலிருக்கும் என் நண்பர்கள் இந்தப் பிறப்பில் மறக்கமாட்டார்கள். போதாததற்கு ஐயா. அவருடைய ஒரே மகன் அவர் பெயரை விட்டுவிட்டுச் சீதனக் காணியின் பெயரை எடுத்தான் என்று அவர் காதில் விழுந்தால்? நினைக்கவே வெட்கமாக இருந்தது.

ஆனால் சேட்டுப் பை என்பது கலியாணம் முடித்தவனுக்குப் பத்திரமான இடமில்லை. சனிக்கிழமை உடுப்புத் தோய்க்க எடுத்தபோது பரமேஸ்வரி கண்டுவிட்டாள். நான் குசினிக்குள் போனபோது தாளை மேசையில் விரித்து, ஓரங்களை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"இது ஆர் எழுதினது?"

"இங்கர். சும்மா ஒரு பகிடிக்கு."

"வடிவான எழுத்து." விரலை முதல் வரியில் வைத்தாள். "என்ரை பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கிறா."

நான் ஹௌகன், துவெயிட், பாதிரியார், சட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "சிரிப்பாயிருக்கு, என்ன?" என்றேன். நானும் அவளும் சேர்ந்து சிரித்துவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும் என்ற நப்பாசை.

அவள் சிரிக்கவில்லை. "மாவடி எனக்கு அம்மா தந்தது. அம்மாவுக்கு அவவின்ரை தாய். அதுக்கு முன்னம் ஆரோ ஒரு பொம்பிளை. அந்த உறுதியிலை ஆம்பிளையளின்ரை பேர் எல்லையிலைதான் வரும், கிழக்குக்கு இன்னார், மேற்குக்கு இன்னார் எண்டு." பிறகு தாளை மடித்து என்னிடம் நீட்டினாள். "வைச்சிருங்கோ. மாமா கேட்டால் மனம் நோகும். யோகநாதன் எண்டே எழுதுவம்."

வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்கமாட்டாள் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு கவனமாக மடித்த விதத்தைப் பார்த்தேன். இந்த மனுசி என்னோடு ஆறாயிரம் மைல் வந்தவள். பல்கலைக்கழகம் வரை போகாவிட்டாலும் பயிற்றப்பட்ட ஆசிரியை, இங்கே அந்தச் சான்றிதழ் எடுபடாததால் வீட்டோடு இருக்கிறாள். இந்த நாலு வருடத்தில் தனக்கென்று எதையும் அவள் விரும்பியதாக எனக்கு நினைவில்லை. இதை விரும்புகிறாள்.

அன்று பின்னேரமே ஒரு வானஞ்சல் வாங்கி ஐயாவுக்கு எழுதினேன். நோர்வேயில் தொடங்கி, இரண்டு பக்கமும் நிரப்பி, ஒட்டுகிற மடிப்பில் கடைசி வரியை நெருக்கி முடித்தேன்: 'உங்களுக்கு விருப்பமில்லாவிட்டால் செய்யமாட்டேன்.' மூன்று மாதத்தில் ஒன்று அதற்குள் ஓடிவிட்டிருந்தது.

6

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் இங்கர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், தன் தகப்பனாரும் சாகும்வரை படகில் ஹௌகன் என்றே எழுதிவைத்திருந்தார் என்று சொன்னார். துவெயிட் நிலத்துக்கு, ஹௌகன் தண்ணீருக்கு என்பாராம். ஒரு மனிதனுக்கு இரண்டு பெயர் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்பதை எனக்குச் சுற்றிவளைத்துச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஆறு கிழமை கழித்து ஐயாவின் கடிதம் வந்தது. ஐயா இளைப்பாறிய தபாலதிபர். வானஞ்சலில் ஓர் அங்குலத்தைக்கூட வீணாக்கமாட்டார். அதில் பாதி கிணறு இறைக்கும் இயந்திரம் பழுதானது பற்றி. மீதி இது:

'பெயர் விடயமாக நீ எழுதியதை வாசித்தேன். எனக்கு முதல் உத்தியோகம் கிடைத்த அன்று, என் ஐயாவின் பெயரை ஒற்றை எழுத்தாக்கிக் கையெழுத்திட்டேன். அவரிடம் கேட்டுச் செய்யவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. உன் பிள்ளைகளின் பெயரில் என் பெயர் எங்கள் வழக்கப்படி ஒருபோதும் வந்திருக்காது. ஒரு தலைமுறை இருந்தேன், போதும். சின்னவள் என் பெயரோடு பிறந்ததாக நீ முன்பு எழுதியபோது, அந்தப் பிள்ளைக்கு ஏன் இந்தக் கிழவனின் பெயர் என்றுதான் யோசித்தேன். பரமேஸ்வரியின் வளவில் நீ பல வருடம் சோறு தின்றாய். அந்த வளவின் பெயரைச் சொல்ல உனக்கு என்ன வெட்கம்? உன்னைக் கென் என்று கூப்பிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதை முதலில் நிறுத்து.'

இதை வாசித்தபோது அழுகை வந்தது. வாசித்த இடம் வீட்டுத் தபால்பெட்டியடி. அடுத்த வீட்டு இத்தாலியக்காரர் தோட்டத்திலிருந்து ஓடிவந்து, ஊரில் யாருக்கு என்ன நடந்தது என்று தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒன்றுமில்லை, கிணற்று இயந்திரம் பழுது என்றேன்.

பரமேஸ்வரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். "மாமா எப்பவும் மாமாதான்," என்று சொல்லிவிட்டு அதையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

கலாவைக் கூப்பிட்டுப் புதிய பெயரை எழுதிக் காட்டினேன். அவள் உதட்டைப் பிதுக்கி எழுத்துகளை எண்ணினாள். "குட். பெட்டிக்குள்ள பிட் ஆகும்," என்றாள். பிறகு போகிற போக்கில், "கார்லா மாவடி நல்லா இல்லை. கலாதான் நல்லா இருக்கு," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள். நானும் பரமேஸ்வரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாலு வருடமாகத் தமிழைப் பற்றி நான் செய்த பிரசங்கம் எதற்கும் மசியாத பிள்ளை.

7

பெயர் மாற்றுவதற்கு நகரத்தில் ஒரு கந்தோர் இருக்கிறது. அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு போனோம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். பரமேஸ்வரி வாணியை இடுப்பில் வைத்திருந்தாள். கவுண்டருக்குப் பின்னாலிருந்த அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், கழுத்துப்பட்டி இறுக்கமாகக் கட்டியிருந்தார். பத்திரத்தை மேலிருந்து கீழே விரலால் தடவி வாசித்தார்.

"மாவடி. இது உங்கள் மனைவி பிறந்த குடும்பத்தின் பெயரா?"

"இல்லை. அவருடைய காணியின் பெயர்."

விரல் நின்றது. "மனைவியின் காணியின் பெயர்."

"ஓம்."

"அதை மனைவி எடுக்கிறார். சரி. பிள்ளைகள் எடுக்கிறார்கள். சரி." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் எடுக்கிறீர்கள்?"

பின்னால் யாரோ ஒருவர் சிரித்தார். அதிகாரி குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். ஆணுக்கு ஆண் புத்தி சொல்கிற தொனி. "சட்டத்தில் தடை ஒன்றுமில்லை, சேர். ஆனால் இங்கே கணவன்மார் இப்படிச் செய்வதில்லை. பிறகு மாற்றுவது கரைச்சல். நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா?"

ரயிலில் வரும்போது எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்தியிருந்தேன். நோர்வே, துவெயிட், பாதிரியாரின் புத்தகம், இருபத்து மூன்றாம் ஆண்டுச் சட்டம், யாழ்ப்பாணத்துச் சீதன உறுதி. எதில் தொடங்குவது என்று தேடினேன்.

பரமேஸ்வரி வாணியை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். கந்தோர்களில் எப்போதும் நான் பேச, அவள் தலையாட்டுவதுதான் வழக்கம். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் நேரே அவரைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்கிற ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்:

"சேர், கலியாணம் முடிச்ச நாளிலிருந்து இவர் என்னுடைய வீட்டில்தான் இருக்கிறார்."

அதிகாரி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உண்மையா?"

"உண்மைதான்," என்றேன். "பன்னிரண்டு வருடமாக."

அவர் பேனையின் மூடியைக் கழற்றி எழுதத் தொடங்கினார்.